பழைய ஸ்கிரிப்ட்டும் புதியதும் ஒரே கூரையில்: விம் 9 என் அனுபவம்

விம் என்ற உரைத்திருத்திக்கான அமைப்புகளை எழுதிவைத்திருக்கும் என் விம்ஆர்சி கோப்புக்கு வயது பதினாறு. அறுநூறு வரிக்கு மேல் இருக்கும். சில வரிகளை எதற்காக எழுதினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது, ஆனால் கை அவற்றை நம்பித்தான் ஓடுகிறது. அதனால் 2022 ஜூனில் விம் 9 வெளிவந்தபோது, புதிய ஸ்கிரிப்ட் மொழி என்ற செய்தி எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது. நிறுவிப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பிழை காட்டவில்லை.

பழைய கோப்பைப் பழைய இலக்கணப்படியே படிக்கிறது. 'விம்9ஸ்கிரிப்ட்' என்பதை முதல் கட்டளையாக வைத்த கோப்புக்கு மட்டும் புதிய இலக்கணம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வழி: பழைய கோப்பின் நடுவிலேயே ஒரே ஒரு ஃபங்ஷனை 'டெஃப்' என்று தொடங்கி 'எண்ட்டெஃப்' என்று முடித்தால், அதற்குள் மட்டும் புதிய மொழி. வீட்டைக் காலி செய்யாமல் ஓர் அறையை மட்டும் புதுப்பிப்பது போல. ஒற்றை வரிக்குக்கூட 'லெகசி', 'விம்9சிஎம்டி' என்ற முன்னொட்டுகள் உண்டு.

முதலில் மாற்றியது லாக் கோப்புகளைச் சலிக்கும் என் ஃபங்ஷனை. நாற்பதாயிரம் வரிகளை லூப்பில் ஓட்டும். பழைய முறையில் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் வரியைத் திரும்பத் திரும்பப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும்; டெஃப் ஒருமுறை கம்பைல் ஆகிவிடும், அதாவது நேராக ஓடக்கூடிய வடிவத்துக்கு முன்பே மாறிவிடும். 10 முதல் 100 மடங்கு வேகம் எதிர்பார்க்கலாம் என்கிறது விம்மின் உதவிப் பக்கம். நான் கடிகாரம் வைத்து அளக்கவில்லை. முன்பு கர்சர் உறைந்து நிற்கும், இப்போது விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

எழுதவும் சுகம். மதிப்பைக் கொடுக்கும் 'லெட்', ஃபங்ஷனை அழைக்கும் 'கால்' இரண்டும் போயின. அளபுருக்களுக்கு முன்னால் 'ஏ' போட்டு முக்காற்புள்ளி தேடும் வேலை இல்லை. நீண்ட பட்டியலை மடக்கி எழுத ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பேக்ஸ்லாஷ் வேண்டாம். குறிப்புரைக்கு # வந்துவிட்டது. இரட்டை மேற்கோள் இனி சரத்துக்கு மட்டும்தான். ஆனால் சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாவிட்டால் பிழை என்று நிறுத்திவிடும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

பிழை காட்டாமல் பொருள் மாறும் இடத்தில்தான் கவனம் வேண்டும். என் அமைப்பில் 'இக்னோர்கேஸ்' எப்போதும் இயங்கும். பழைய மொழியில் == அதைப் பார்த்து, பெரிய எழுத்து சிறிய எழுத்து பேதம் இல்லாமல் ஒப்பிடும். டெஃப்புக்குள் அதே == எப்போதும் பேதம் பார்க்கும். செய்ய வேண்டியவற்றைத் தொகுக்கும் ஃபங்ஷனை மாற்றிய மறுநாள், பட்டியல் பாதியாகச் சுருங்கியிருந்தது. காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. ==? என்று எழுதினால் இரண்டு மொழியிலும் பேதம் பார்க்காது. மாற்றுவதற்கு முன் உங்கள் ஒப்பீடுகளை எல்லாம் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இன்னொன்று: டெஃப் முதல்முறை அழைக்கும்போதுதான் கம்பைல் ஆகும், அதுவரை உள்ளே இருக்கும் பிழை தெரியாது. 'டெஃப்கம்பைல்' கட்டளையைக் கோப்பின் கடைசியில் போட்டுவைத்தால் உடனே தெரிந்துவிடும். கோலன் தட்டி நேரடியாக எழுதும் கட்டளைகள் பழைய இலக்கணத்திலேயே ஓடுகின்றன, அதையும் மனதில் வையுங்கள்.

மற்றவர்களுக்காக பிளகின் (விம்மில் கூடுதல் வசதி சேர்க்கும் ஸ்கிரிப்ட்) எழுதுபவர்களுக்கு மட்டும் நான் தயங்கியே பரிந்துரைப்பேன். விம்மிலிருந்து பிரிந்த நியோவிம் திருத்தியில் இந்த மொழி இல்லை, அங்கே லுவா என்ற வேறு மொழி. இரண்டிலும் ஓட வேண்டுமென்றால் பழைய ஸ்கிரிப்ட்டிலேயே எழுத வேண்டும், அல்லது இரண்டு பிரதிகளைப் பராமரிக்க வேண்டும். நான் பகிரும் சிறிய பிளகினைப் பழையபடியே விட்டுவிட்டேன்.

விம்மை உருவாக்கிய பிராம் மூலெனார் 2023 ஆகஸ்ட்டில் காலமானார். 2024 ஜனவரியில் வந்த 9.1 பதிப்பு அவருக்கே அர்ப்பணம். புதிய மொழியில் கிளாஸ்களும் அதில் சேர்ந்தன. அதிலும் என் பதினாறு வயதுக் கோப்பு அப்படியே திறக்கிறது. இதுவரை பதினொரு ஃபங்ஷன்களை மாற்றியிருக்கிறேன். மற்றவை, அவற்றில் கை வைக்கும் நாளில்.