கொச்சிக்கடை அந்தோனியார் கோயில்: வரலாறு பார்க்கப் போகிறவர்களுக்கு

இந்தக் கத்தோலிக்கக் கோயிலின் தொடக்கம் மீனவர்கள் கும்பிட்ட ஒரு சின்ன மண் கோயில். அது இப்போது இல்லை. அதைத் தேடிப் போனால் ஏமாற்றந்தான். கொழும்பு 13இல் இன்று நிற்கும் கட்டடத்தின் வேலை 1828இல் தொடங்கி 1834இல் முடிந்தது. உள்ளே இருக்கும் அந்தோனியார் சுரூபம் (சிலை) அதைவிட மூத்தது, 1822இல் கோவாவிலிருந்து வந்தது. ஆகவே சுவரைப் பார்க்கும் முன் சுரூபத்தைப் பாருங்கள்.

கோயில் பிறந்த கதை ஒல்லாந்தர் காலத்தது. கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ சுவாமி வியாபாரி வேடத்தில் கடை போட்டு, மறைவாகப் பூசை வைத்தாராம். கொச்சிக்கடை என்ற பெயரே அப்படி வந்தது என்பார்கள். கடல் கரையை அரிக்கிறது என்று பக்கத்து முகத்துவாரம் ஊர் மீனவர்கள் முறையிட, அவர் சிலுவை நட்டுச் செபித்தார், மூன்றாம் நாள் கடல் பின்வாங்கியது என்பது மரபு. பிறகு கிடைத்த நிலத்தில் எழுந்ததுதான் அந்த மண் கோயில். அதைப் பெருப்பித்தது 1806இல். கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தர் சட்டங்களை ஆங்கிலேயர் நீக்கிய ஆண்டும் அதுவே. பலர் கவனிக்காமல் விடுகிற தொடர்பு இது.

சுவர்ப்பூச்சு புதிதாக இருக்கிறதே என்று குறை சொல்ல வேண்டாம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பின் கடற்படையினர் திருத்தி, திருவிழாவுக்கு முதல் நாள், ஜூன் 12இல் திறந்தார்கள்.

வேண்டுதல் இருந்தால் செவ்வாய்க்கிழமை போகலாம். எல்லா மதத்தவரும் வருவதால் சனம் நெரியும், நின்று எதையும் பார்க்க விடாது. வரலாற்றுக்கு வேறு கிழமை, காலைப் பூசை முடிந்த பின். ஜூன் 13 அன்று தேர்ப்பவனிக்காக மட்டும் போங்கள். பூசை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும், அந்த நேரத்தில் படம் எடுத்துக்கொண்டு சுற்றக் கூடாது. தோள், முழங்கால் மூடிய உடுப்பு. பை சோதிப்பார்கள், பெரிய பையைத் தங்குமிடத்திலேயே விடுங்கள். கோட்டை ரயில் நிலையத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர்தான், ஆனால் புறக்கோட்டை நெரிசலில் ஓட்டோவை விட நடை வேகம். கோயிலைப் பார்க்க முக்கால் மணி நேரம் போதும்.

கதையில் வரும் கடலோ துறைமுகத்துக்குப் பின்னால் போய்விட்டது. 1875இல் தொடங்கிய அலைதாங்கி வேலைதான் அந்தக் கரையை மாற்றியது. வள்ளங்களைப் பார்க்க வடக்கே முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் போகவேண்டும். வரலாற்றுக்கு 5இல் 4 கொடுக்கலாம், கடலோரம் கைக்கு எட்டாததால் ஒன்று குறைவு.

நடை தூரத்தில் பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது, முழுக்கக் கருங்கல். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் அதை முதலில் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.