செங்கோட்டையில ப்ளேஸ்கூல் தேடுறவங்களுக்கு: எங்க பாப்பா போற இடம் பத்தி

எங்க பாப்பாவுக்கு நாலு வயசு. போன வருஷம் வேற ஒரு ப்ளேஸ்கூல்ல சேத்தோம், பேரு வேண்டாம், வேன் ஏசி எல்லாம் உண்டு, ஆனா மூணாவது மாசமே "ஓயாம கேள்வி கேட்டு கிளாஸ டிஸ்டர்ப் பண்றா"ன்னு டைரில எழுதி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் பிள்ள வீட்லயும் கேக்குறத குறைச்சிட்டா, எனக்கு அதுதான் தாங்கல.

ஆச்சி சொல்லித்தான் இப்ப போற இடம் தெரிஞ்சுது. ரிட்டயர்டு அங்கன்வாடி டீச்சர் ஒருத்தங்க அவங்க வீட்டுலயே நடத்துறாங்க, ரெண்டு ரூம், ஒரு திண்ணை, மொத்தம் 14 பிள்ளைங்க, அதுல மூணு பிள்ளைங்க வீட்ல மலையாளம். முத நாளே இவ "அவ ஏன் பூனைய பூச்சன்னு சொல்றா, பூனைக்கு ரெண்டு பேரும் தெரியுமா"ன்னு கேட்டிருக்கா. டீச்சர் சிரிச்சு தள்ளிவிடல, திண்ணையில கிடந்த பூனைய ரெண்டு பேர் சொல்லியும் கூப்பிட்டுப் பாக்க விட்டாங்களாம்.

ஜூலைல நான் ஒரு நாள் உக்காந்து பாத்தேன். வெளிய சாரல். "மழை ஏன் எப்பவும் ஆரியங்காவு பக்கம் இருந்தே வருது"ன்னு ஒரு பையன் கேட்டான். உடனே அடுப்புல தண்ணி வச்சு, ஆவி மேல ஒரு குளிந்த தட்டப் பிடிச்சு, சொட்டு சொட்டா விழுறத காட்டுனாங்க, கடல்ல இருந்து வர்ற ஈரக்காத்து மலை ஏறும்போது குளிந்து இப்படித்தான் கொட்டிருது, நிறைய கேரளாப் பக்கமே பெஞ்சிருது, மிச்சம்தான் நமக்கு சாரல்னு சொன்னாங்க. ஊர் வளைவுல ஏன் சங்கு இருக்குன்னு இவ கேட்டதுக்கும், 1956 வரைக்கும் நம்ம ஊரு திருவிதாங்கூரோட இருந்துச்சு, அது அந்த ராஜா முத்திரைன்னு பதில் வந்துது. எனக்கே அப்பதான் தெரியும்.

கேள்வி கேட்டா ஐக்யூ ஜாஸ்தின்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க, நான் அப்படி எண்ணிப் பாக்க மாட்டேன், பேசாம உத்துப் பாக்குற பிள்ளையும் அதே அளவு யோசிக்கும். ஆனா இங்கிலாந்துல டிசர்ட், ஹியூஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் நாலு வயசு பொண்ணுங்க 30 பேர கவனிச்சு 1984ல எழுதினத படிச்சப்ப எங்க கதையேதான்னு தோணுச்சு: அதே பிள்ளைங்க வீட்ல மணிக்கு சராசரியா 26 கேள்வி, நர்சரில வெறும் 2. மூளை ஒண்ணுதானே, இடம்தானே மாறுது! அமெரிக்காவுல 6,200 பிள்ளைங்கள வச்சு 2018ல வந்த ஆய்வுலயும் ஆர்வம் அதிகமா இருக்குற பிள்ளைங்க வாசிப்பு, கணக்குல நல்லா பண்றாங்கன்னுதான் வந்துச்சு, அதுவும் வசதி கம்மியான வீட்டுப் பிள்ளைங்ககிட்ட அந்தத் தொடர்பு இன்னும் பலமா இருந்துச்சாம். அப்புறம் ஒண்ணு, பிள்ள ஒரே கேள்விய திரும்பத் திரும்ப கேக்குதுன்னா பாதி நேரம் நாம காரணம் சொல்லாம "அது அப்படித்தான்"னு முடிச்சிருப்போம், டீச்சர் காரணம் சொன்னா இவ தலையாட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுறா, வீட்ல நான் இப்ப அதத்தான் பழகுறேன்.

குறையும் உண்டு. வேன் கிடையாது, பன்னெண்டரைக்கு விட்டுருவாங்க, வேலைக்குப் போறவங்களுக்கு ரொம்ப கஷ்டம், நானே எங்க மைனியத்தான் நம்பி இருக்கேன். ஏபிசிடி எழுத வைக்கிறது மெதுவா தான், எல்கேஜி இன்டர்வியூ வேணும்னா வீட்ல நீங்க உக்காரணும். பாத்ரூம் ஒண்ணுதான், ஆனா சுத்தம்.

ஃபீஸ் மாசம் 1,200, டொனேஷன் இல்ல. ஜூன்ல சேக்கணும்னா ஏப்ரல்லயே நேர்ல போங்க, பத்தரை மணிக்கு கேள்வி நேரம், பெத்தவங்கள கூட உக்கார விடுவாங்க.