நேபாள மழைக்கு எது தாங்கும்: ஜாக்கெட்டா, போஞ்சோவா?

நேபாளத்தில் ஜூன் நடுவில் தொடங்கும் பருவமழை செப்டம்பர் கடைசி வரை விடாது. ஆண்டு மழையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த மாதங்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சமயத்தில் அன்னபூர்ணா மலைப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த ரெயின் ஜாக்கெட் நல்லது என்றுதான். 3,000 மீட்டருக்குக் கீழே, பலத்த காற்று வீசாத பாதையில் நடப்பதென்றால் விலை உயர்ந்த ஜாக்கெட் தேவையே இல்லை. ஒரு நல்ல போஞ்சோவும் (தலைவழியே மாட்டும் தளர்வான மழைப் போர்வை) பைக்குள் போட ஒரு கெட்டி பிளாஸ்டிக் உறையும் போதும்.

ஜாக்கெட் லேபிளில் 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று போட்டிருப்பது துணி கசியாமல் தாங்கும் நீரழுத்தம், நீர்த்தூணின் உயரக் கணக்கில். சாதாரண மழைக்கு 10,000 போதும். கனமான பையின் வார் தோளில் அழுத்தும் இடத்தில்தான் முதலில் கசியும் என்பதால், பை தூக்குபவர்களுக்கு 20,000 நல்லது. ஆனால் இங்கே ஜாக்கெட்டுகளைத் தோற்கடிப்பது மழையைவிட வியர்வைதான். ‘மூச்சுவிடும்’ துணி வேலை செய்ய, உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். ஜூலையில், 1,500 மீட்டரில், வெளிக்காற்றே நீரில் ஊறிக் கிடக்கிறது. உள்ளே இருக்கும் ஆவி எங்கே போகும்? மேல்துணியின் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்துவிட்டால் இன்னும் மோசம்: தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் துணியில் பரவி ஊறும், இருக்கிற கொஞ்சநஞ்ச மூச்சும் அடைபடும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்று திட்டுபவர்களில் பலர் நனைந்திருப்பது சொந்த வியர்வையில்.

அதனால் அக்குள் பக்கம் திறக்கும் ஜிப் இல்லாத ஜாக்கெட்டை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உட்புறத்தைத் திருப்பி எல்லாத் தையல் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஓரத்தை நகத்தால் லேசாக நெருடுங்கள். புதிதிலேயே உரிந்தால் மலையில் ஒரு வாரம் தாங்காது. காத்மாண்டுவின் தமேல் கடைகளில் பெரிய பிராண்டுகளின் பெயரில் தொங்குபவற்றில் நிறைய நகல்கள் உண்டு. தொப்பி, கையுறை, ஃபிலீஸ் குளிர்ச்சட்டை எல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம். மழை ஜாக்கெட்டை மட்டும் இந்தச் சோதனை செய்யாமல் எடுக்க வேண்டாம்.

போஞ்சோ அடிப்பக்கம் திறந்திருப்பதால் காற்று தானாக ஏறி இறங்கும், வியர்வை தங்காது, முதுகுப்பையும் சேர்ந்து மூடும். குறைகளும் உண்டு. அன்னபூர்ணா பாதையில் வரும் உல்லேரி கிராமத்து ஏற்றத்தில் கல்படிகள் மட்டும் மூவாயிரத்துக்கு மேல். இறங்கும்போது போஞ்சோவின் முன்மடிப்பு பாதத்தை மறைக்கும், பாசி பிடித்த படியில் அது ஆபத்து. இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி முன்பக்கத்தைச் செருகிக்கொண்டால் சரியாகிவிடும். காற்றுக்குத்தான் மருந்தில்லை. காளி கண்டகி பள்ளத்தாக்கில், ஜோம்சோம் பக்கம், முற்பகல் முடியும் நேரத்தில் கிளம்பும் காற்றில் போஞ்சோ பட்டமாகிவிடும். ஜோம்சோம் இருக்கும் முஸ்தாங் மாவட்டம், மலைகள் மழைமேகத்தைத் தடுக்கும் மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே மழையைவிடக் காற்றும் புழுதியும்தான் தொல்லை; அங்கேயும் 5,416 மீட்டர் தொரோங் கணவாயிலும் ஜாக்கெட்தான். மரங்களுக்கு நடுவே போகும் தாழ்ந்த பாதைகளில் சாதாரணக் குடை இரண்டையும் தோற்கடிக்கும் என்பது பலர் நம்பாத உண்மை.

பையோடு வரும் மழை உறையை நம்பிவிடாதீர்கள். அது முதுகுப்பக்கத்தை மூடாது. முதுகில் வழியும் தண்ணீர் அந்தப் பக்கமாக இறங்கி உறையின் அடியில் தேங்கும். வடிய ஓட்டை இல்லையென்றால் பையின் அடிப்பாகம் குளத்தில் உட்கார்ந்த கணக்கு. 50 லிட்டர் பைக்கு 70, 80 லிட்டர் கொள்ளும் கெட்டி பிளாஸ்டிக் பையை உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, வாயை நன்றாக முறுக்கி மடித்துச் செருகுங்கள். தூங்கும் பைக்கும் மாற்றுத் துணிக்கும் தனியாக ட்ரை பேக், அதாவது வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை. அதன் வாயைக் குறைந்தது மூன்று சுற்று சுருட்ட வேண்டும். திணித்து நிரப்பினால் சுருட்ட இடமிருக்காது, தண்ணீர் புகுவது அங்கேதான்.

காலுக்கு வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் வேண்டுமா என்றால், பனி இல்லாத பாதைக்கு வேண்டாம். ஓடையில் கணுக்காலுக்கு மேல் ஒருமுறை தண்ணீர் ஏறினால் வெளியேற வழியில்லை, காய இரண்டு நாள் ஆகும். வலைத்துணி ஷூ நனையும், நடக்க நடக்க வடியும். காடுகளில் அட்டை ஏறும் என்பதால் நெருக்கமாக நெய்த நீளக் காலுறைக்குள் பேன்ட் நுனியைச் செருகுங்கள். கடித்துவிட்டால் தீ வைக்க வேண்டாம், உப்பும் போட வேண்டாம். உறிஞ்சும் வாய்க்கு அடியில் நகத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். பிறகு சிறிது நேரம் ரத்தம் கசியும், பஞ்சை அழுத்திப் பிடித்தால் போதும்.