கன்னடம் சொல்லித்தரும் பேசும் பேனா: பழுது பார்த்து வந்த பிறகு எழுதுவது

பேசும் பேனாவை வாங்கலாமா என்று அலுவலக நண்பர் கேட்டிருக்கிறார். அவர் மகளும் கன்னடப் பாடத்தில் திணறுகிறாளாம். சென்ற மாதம் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். இப்போது பேனா சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நல்லது கெட்டது இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

பேனா வேலை செய்யும் விதம் பலருக்கும் தெரிந்ததுதான். கூடவே வரும் புத்தகங்களின் பக்கங்களில் கண்ணில் எளிதில் படாத நுண்புள்ளிகள் அச்சிடப்பட்டிருக்கும். பேனா முனையிலுள்ள கேமரா அவற்றைப் படித்து, உரிய ஒலியைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்துத் தரும். இணையம் தேவையில்லை, திரையும் இல்லை. திரை இல்லை என்பதற்காகவே இதை வாங்கினேன்.

என் மகன் பெங்களூருவில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், இரண்டாம் மொழி கன்னடம். 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டப்படி எந்தப் பாடத்திட்டப் பள்ளியானாலும் இங்கே கன்னடம் உண்டு. அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. இந்த ஊரில் பிழைக்கிறோம். இந்த ஊர் மொழி பிள்ளைக்கு வந்தே ஆக வேண்டும். பேச்சு அவனுக்கு வந்துவிட்டது. கீழே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளோடு கன்னடத்திலேயே சண்டை போடுகிறான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் கட்டிப்போகிறது.

காரணம் ஒத்தக்ஷரம், அதாவது கன்னடக் கூட்டெழுத்து. தமிழில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்து, அடுத்த எழுத்தை அதன் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். கன்னடத்தில் இரண்டாவது மெய் முதல் எழுத்தின் காலடியில் சிறிதாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதோடு நின்றாலும் பரவாயில்லை. உயிர்க்குறி மேலே உள்ள எழுத்தில் ஏறி நிற்கும். ஒலியோ கீழே உள்ள எழுத்துக்குப் பிறகுதான் வரும். பஸ் பலகையில் 'மெஜெஸ்டிக்' என்று எழுதியிருந்தால், இகரக்குறி 'ஸ' மேல், 'ட' அதற்குக் கீழே. என் மகன் கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே 'மெஜெஸிடக்' என்று படிப்பான். த, ந, ம, ய, ர, ல ஆகியவை கீழே இறங்கும்போது உருவமே மாறிவிடும். 'சூர்ய' போன்ற சொற்களில் 'ர்' ஒலி முன்னால் வர, அதற்கான குறி 'ய'வுக்கும் பின்னால் நிற்கும். தமிழிலும் கொம்பு முன்னால் நின்று ஒலி பின்னால் வருகிறது, உண்மைதான். ஆனால் அது அவனுக்குப் பழகிவிட்டது. இது பழகுவதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

இந்த இடத்தில் பேனாவோடு வந்த புத்தகங்கள் துளியும் உதவவில்லை. குரல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி வாசிப்பவரின் வேகம். சொல்லைத் தொட்டால் முழுச் சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும். எந்த ஒலி மேலே, எந்த ஒலி கீழே என்று பிரித்துக் காட்டாது. குழந்தை எங்கே தடுக்கி விழும் என்று தயாரித்தவர்கள் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்த்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

பேனாவைக் காப்பாற்றியது பெட்டியின் அடியில் கிடந்த ஸ்டிக்கர் தாள். ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் நாமே குரலைப் பதிவு செய்யலாம். எதிர்வீட்டு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) மண்டியா பக்கத்துக்காரர். ஒரு நாள் அவன் படிப்பதைக் கேட்டவர், புத்தகத்தை வாங்கித் தன் விரல் நகத்தால் கீழெழுத்தை மறைத்தார். "முதலில் மேலே இருப்பதை மட்டும் சொல், உயிர் சேர்க்காதே" என்றார். அவன் 'ஸ்' என்றான். நகத்தை நகர்த்தினார், 'ட' என்றான். பிறகு மேலேயிருந்த குறியைத் தொட்டுக் காட்டினார். 'ஸ்டி' என்று அவன் வாயிலிருந்து வந்தபோது அஜ்ஜியைவிட எனக்குத்தான் பெருமை.

அன்றிலிருந்து அந்த முறையையே பதிவு செய்தோம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் இலவசம். படிநிலை பிரித்துப் போட்டிருக்கிறார்கள். பல கதைகள் தமிழிலும் கன்னடத்திலும் ஒரே படங்களோடு கிடைக்கின்றன. முதலில் தமிழில் படிப்பான், கதை மனதில் நின்றுவிடும். பிறகு அச்செடுத்த கன்னடப் பக்கத்தில், கடினமான சொல்லுக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர். தொட்டால் அஜ்ஜியின் குரல்: முதலில் மெய், அடுத்து கீழெழுத்து, பிறகு உயிர், கடைசியில் முழுச் சொல். எத்தனை முறை தொட்டாலும் அதே பொறுமை. டியூஷன் ஆசிரியரிடம் மறுபடி கேட்கக் கூச்சப்பட்ட பையன் அஜ்ஜியைக் கூசாமல் திரும்பத் திரும்பக் கேட்டான். இப்போது பஸ் பலகைகளை எனக்கு முன்பே படித்துவிடுகிறான்.

சார்ஜ் ஏறும் துளை தளர்ந்துவிட்டதால் பேனாவைப் பழுதுக்குக் கொடுத்தேன். சொன்ன தேதியில் தந்தார்கள், நியாயமான கட்டணம்தான் வாங்கினார்கள், சார்ஜும் முன்னைவிட நன்றாக நிற்கிறது. ஸ்டிக்கரைத் தொட்டால் மட்டும் பேனா ஊமை. நினைவகத்தைத் துடைத்துப் புதிதாக ஏற்றிவிட்டார்களாம். தொலைபேசியில் கேட்டதற்கு, "எங்கள் புத்தகங்களின் ஒலி எல்லாம் பத்திரமாக இருக்கிறதே சார்" என்றார்கள். அதை யார் கேட்டார்கள்? துடைப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன செலவு? கையேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அஜ்ஜி இப்போது ஷிவமொக்காவில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். என் மனைவியின் குரலில் மறுபடி பதிவு செய்து பார்த்தோம். அவளும் தமிழ்க்காரிதானே, 'க'வும் 'க்ஹ'வும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. பையன் நாலு பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டான்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். என் மகனைப் படிக்க வைத்த பொருள்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் இன்றைக்கு என் வாயிலிருந்து வாங்கு என்ற சொல் வராது. அந்தப் பணத்துக்குக் கதைகளை அச்செடுத்து, கன்னடம் பேசும் பெரியவர் ஒருவரைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் பேனாவைக் கணினியில் இணையுங்கள். என்னுடைய பேனா பென்டிரைவ் போலத் திறந்தது, பதிவுகளுக்கென்று அதில் தனி ஃபோல்டர் இருக்கிறது. பழுதுக்குக் கொடுக்கும் முன் அதை அப்படியே நகலெடுத்து வைத்துவிடுங்கள்.