வாட்ஸ்அப்பில் கேரளா லாட்டரி: ₹18,600 போன கதை

பொள்ளாச்சியில் பஸ் ஏறி கோபாலபுரம் தாண்டினால் கேரளா. அங்கே லாட்டரிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்த பஸ் ஏறச் சோம்பல்பட்டுத்தான் ஏமாந்தேன்.

முகநூலில் 'வீட்டிலிருந்தே கேரளா லாட்டரி' என்று விளம்பரம். வாட்ஸ்அப்பில் ஐந்து சீட்டுக்கு 400 ரூபாய் போட்டேன். சீட்டுகளைக் கையில் விரித்துப் பிடித்து எடுத்த போட்டோ வந்தது. கட்டைவிரல் நகம் அடிபட்டுக் கறுத்திருந்தது. "ஒரிஜினல் எங்ககிட்ட பத்திரமா இருக்கும் அண்ணா."

மறுநாள் நாலு மணிக்கு, என் நம்பருக்கு 5 லட்சம் விழுந்ததாக ரிசல்ட் வந்தது. அரசு முத்திரை எல்லாம் இருந்தது. அப்புறம் ஜிஎஸ்டி என்று 6,200, வருமான வரி என்று 12,000. கட்டினேன். 'ஆர்பிஐ கிளியரன்ஸ்' என்று இன்னொரு 25,000 கேட்டபோதுதான் உறைத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அண்ணா போய் 'டேய்' ஆனது. "உங்க ஊர்ல லாட்டரிக்குத் தடை. போலீஸுக்குப் போ, முதல்ல நீதான் உள்ள போவே." இதில்தான் மடங்கிப்போனேன். 2003 ஜனவரியிலிருந்து இங்கே லாட்டரி கிடையாது என்பது தெரிந்ததுதானே. பன்னிரண்டு நாள் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர் ஒருநாள் தயங்கித் தயங்கித் தன் போனைக் காட்டினார். அதே சீட்டுகள், அதே கறுத்த நகம்.

அதன் பிறகு விசாரித்தேன். கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதே இல்லை, காகிதச் சீட்டு மட்டும்தான். பரிசு கேட்க அசல் சீட்டை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். போட்டோவை வைத்து ஒன்றும் நடக்காது. ஜிஎஸ்டி சீட்டு விலையிலேயே அடக்கம். வருமான வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள், முன்பணமாக யாரும் கேட்பதில்லை. லாட்டரி பற்றிய 1998 மத்தியச் சட்டமும் வெளிமாநிலச் சீட்டு *விற்பனையை*த் தடுக்கத்தான் மாநிலத்துக்கு அதிகாரம் தருகிறது. விற்றவனே என்னைச் சட்டம் சொல்லி மிரட்டியிருக்கிறான்!

சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்தோம். "பணம் எப்ப போச்சு?" என்பதுதான் அவர்கள் முக்கியமாகக் கேட்டது. உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை முடக்க வழி இருந்திருக்கும். புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். மிரட்டலுக்குப் பயந்து நான் விழுங்கிய அந்தப் பன்னிரண்டு நாளில் பணம் எங்கெங்கோ போயிருக்கும்.

நேற்று வேறு பெயரில் ஒரு குரூப்பில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.