குளச்சல் உப்புக்காற்றில் ஒரு கேமிங் பிசி – நாலு வருஷ அனுபவம்

2021 நவம்பரில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன். குமரி மாவட்டமே வெள்ளத்தில் கிடந்த மாதம் அது. கூரியர் பெட்டி எட்டு நாள் தாமதமாகத்தான் குளச்சலுக்கு வந்து சேர்ந்தது. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி கேம் என்று அன்றிலிருந்து ஏறக்குறைய தினமும் ஓடுகிறது. நானும் தம்பியும் முறை வைத்துப் பயன்படுத்துகிறோம். எங்கள் வீட்டிலிருந்து கடலுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தை வாங்கும்போது நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அப்போது ஏன் பிரீபில்ட், அதாவது கம்பெனியே சேர்த்து விற்கிற முழுக் கம்ப்யூட்டர், வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கேம் படங்களைத் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடைக்காத காலம் அது. ஒருபக்கம் கொரோனாவால் சிப் தட்டுப்பாடு, இன்னொருபக்கம் கிரிப்டோ மைனிங் செய்பவர்கள் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தியாவில் 29,500 ரூபாயில் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு நான் விசாரித்த கடையில் 58,000 சொன்னார்கள். அதே கார்டு உள்ளே இருக்கிற முழுக் கம்ப்யூட்டர், ஒரு பெரிய கம்பெனியுடையது, 96,000-க்குக் கிடைத்தது. 11-ம் தலைமுறை ஐ5-11400எஃப் பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இந்த நாலு வரியைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன். மதர்போர்டு என்ன, உள்ளே கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் என்ன, கேபினட்டில் காற்று எந்த வழியாகப் போகிறது, இதெல்லாம் அந்த விளம்பரத்தில் இல்லை, நானும் கேட்கவில்லை. நாலு வருஷத்தில் எனக்கு வந்த தொல்லைகள் பெரும்பாலும் அந்த எழுதாத இடங்களிலிருந்துதான் வந்தன.

முதல் ஆறு மாதம் நன்றாகவே போனது. கேம் வேகத்தில் ஒரு குறையும் இல்லை. தம்பிக்கு ஃபுட்பால் கேம்தான் உயிர். கடற்கரை ஊர்களில் பந்து உதைக்காத பையன் குறைவு, கையில் கன்ட்ரோலர் கிடைத்தாலும் அதையேதான் தேடுகிறார்கள். ஃபிஃபா 23 வரை விளையாடினான், பிறகு பெயர் மாறி வந்த எஃப்சி வரிசைக்கு மாறிவிட்டான். எனக்கு ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமான வேலோரண்ட், எப்போதாவது கார் ரேஸ் கேமான ஃபோர்ஸா ஹொரைசன் 5. வேலோரண்டில் மட்டும் சண்டை மும்முரமாகும்போது ஒரு நொடி இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். இணையம்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக் மட்டும் இருந்ததுதான் காரணம். ஸ்டிக் ஒன்றாக இருந்தால் பிராசஸர் ஒற்றைப் பாதையில்தான் ரேமோடு பேசும், ஜோடியாகப் போட்டால் இரட்டைப் பாதை. போதாக்குறைக்கு எட்டு ஜிபியில் பாதியை விண்டோஸும் பிரவுசரும் எடுத்துக்கொள்கின்றன. இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்ட அன்று சாயங்காலமே அந்த இழுப்பு போய்விட்டது. பிரீபில்ட் வாங்குகிறவர்கள் '16 ஜிபி' என்று படித்ததும் திருப்தியாகிவிட வேண்டாம், ஒரு ஸ்டிக்கா இரண்டா என்று கேளுங்கள்.

அப்புறம் சூடு. முன்பக்கம் பளபளவென்று மூடிய பிளாஸ்டிக், பின்னால் ஒரே ஒரு சின்ன ஃபேன். ஏப்ரல், மே மாதங்களில் பிராசஸர் 95 டிகிரியைத் தொட்டது, கார்டு 84-க்குப் போனது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்து விளையாடு என்று எல்லோரும் சொல்கிற யோசனையைத்தான் நானும் செய்தேன். ஒரு கோடைக்காலம் முழுக்க அப்படி ஓட்டினேன். கோவையிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கு உள்ளே தூசி சேருவதோடு போகும். எங்கள் ஊரில் காற்றோடு உப்பும் வருகிறது.

அது என்ன செய்தது என்று பக்கத்தில் போய்ப் பார்த்தது ஜூலை மாதம். ஒரு கல்யாண வீட்டுக்காகக் குடும்பத்தோடு போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பினோம். ஜன்னல் சரியாகச் சாத்தாமல் கிடந்தது, சாரல் மழைக்காலம் வேறு. பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை, பீப் பீப் என்று சத்தம் மட்டும் வருகிறது. திறந்து பார்த்தேன். கேபினட் திருகாணிகளின் தலையில் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. ஃபேன் இறக்கைகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில், தொட்டால் பிசுபிசுக்கும் ஒரு படலம். ரேமை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், தங்க நிறத்தில் மின்ன வேண்டிய பற்கள் மங்கிப்போய், இரண்டு மூன்று பற்களில் மட்டும் மூச்சுக்காற்று படிந்த கண்ணாடி மாதிரி ஒரு வெண்மை. பென்சில் அழிக்கிற ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தேன். ரப்பர் துகள் கறுப்பாக உதிர்ந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டில் வைத்து இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். உடனே டிஸ்ப்ளே வந்தது. கம்ப்யூட்டர் கடைகளில் இதற்கு ஐந்நூறு வாங்குவார்கள், வாங்கட்டும், ஆனால் வீட்டிலேயே செய்ய முடிகிற காரியம்தான். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். துருப்பிடித்த திருகாணியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுற எஞ்சின் கெடாது மக்களே, கரையில ஏத்திப் போட்ட எஞ்சின்தான் கெடும்" என்றார். எனக்கு அது அப்படியே பொருந்தியது. தினமும் ஓடுகிற கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் சூடு ஈரத்தை விரட்டிவிடும். வாரக்கணக்கில் அணைந்து கிடந்தால் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இப்போது மழைக்காலத்தில் வேலை இல்லாத நாளிலும் ஒரு மணி நேரமாவது ஓட விடுகிறேன். துணி உறை போடுவதென்றால் பெட்டி முழுக்க ஆறிய பிறகுதான் போட வேண்டும், சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். பக்கவாட்டு மூடியை மறுபடி மாட்டிவிட்டு, முன்பக்க பிளாஸ்டிக்கை எடுத்து மெல்லிய வலை வைத்து, உள்ளே இழுக்கிற மாதிரி 120 எம்எம் ஃபேன் ஒன்று பொருத்தினேன். அந்த மதர்போர்டில் கூடுதல் ஃபேன் மாட்ட இடமே இல்லாததால் தனி கேபிள் வாங்க வேண்டியிருந்தது. கார்டின் சூடு 84-லிருந்து 74-க்கு இறங்கியது.

இனி சொல்லப்போவதுதான் பெரிய அடி. 2023 ஐப்பசியில் ஒரு ராத்திரி, இடி இறங்கிய சத்தத்தோடு கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் எழவில்லை. எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. ஒரு வருஷ வாரண்டி ஏற்கெனவே முடிந்திருந்தது. சரி, இரண்டாயிரம் மூவாயிரத்துக்கு வேறொன்று மாட்டிக்கொள்ளலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில் போனேன். கடைக்கார அண்ணன் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

"இது நம்ம சாதா சப்ளை கிடையாது மக்கா. வயரப் பாரு, போர்டுக்குப் போறது ஆறே ஆறு பின்."

"அடாப்டர் போட முடியாதாண்ணே?"

"போட்டாலும் இந்தக் கூட்டுக்குள்ள சாதா எஸ்எம்பிஎஸ் உக்காராது. கம்பெனிக்காரன்தான் தரணும்."

சாதாரண மதர்போர்டில் 24 பின் இருக்கும். எங்கே வாங்கினாலும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அதில் சேரும். பெரிய கம்பெனிகள் பலவும் சொந்த அளவில் போர்டும் சப்ளையும் செய்துகொள்கின்றன. பழுதானால் அவர்களிடமே போக வேண்டும். அந்தப் பாகம் என் கைக்கு வர 23 நாள் ஆனது, 7,400 ரூபாய் ஆனது. இரண்டு கல்யாண ஆல்பம் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த 23 நாளும் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை. சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பூட்டுப் போட்ட பெட்டியை விற்பது நியாயமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் வருஷத்தில் ஹார்ட் டிஸ்க் பழுதானபோது இதே கம்பெனியின் ஆள் மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார். வாரண்டிக்குள் இருக்கும்வரை பிரீபில்ட் சுகம்தான். எனவே வாங்கும்போதே மூன்று வருஷமாக நீட்டிக்கிற செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். நான் சேர்க்கவில்லை.

எஸ்எம்பிஎஸ் ஏன் போனது என்று தேடியபோதுதான் எர்த் விஷயம் வெளியே வந்தது. எலெக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே பார்த்தால் 19 வோல்ட் காட்டியது. ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். முற்றத்தில் தோண்டினோம். எர்த் பைப் உப்பு மண்ணில் அரித்து, கையால் ஒடிக்கிற அளவுக்கு இற்றுப்போயிருந்தது. திடீரென்று ஏறும் மின்சாரத்தைத் தடுக்கிற ஸ்பைக் பஸ்டர் வைத்திருக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எர்த் சரியில்லாத வீட்டில் அதனால் முழுப் பாதுகாப்புத் தர முடியாது, அதிகப்படியாக வரும் மின்சாரம் எர்த்தில் இறங்கத்தானே அது வழி செய்கிறது. செம்பு பூசிய ராடு புதிதாக இறக்கினோம். கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுகிறதென்றால் உங்கள் வீட்டிலும் இதை முதலில் பாருங்கள். கேபினட்டை மாற்றுவது அப்புறம் இருக்கட்டும்.

யுபிஎஸ் பற்றியும் கொஞ்சம். முதலில் வைத்திருந்த 600 விஏ யுபிஎஸ் எடிட்டிங் செய்யும்போது தாங்கும், கேம் நடுவில் கரண்ட் போனால் பீப் அடித்து அணைந்துவிடும். 600 விஏ என்பது உண்மையில் 360 வாட்தான். 3060 கார்டு மட்டுமே 170 வாட் வரை எடுக்கும், பிராசஸரும் மானிட்டரும் சேர்ந்தால் எல்லைக்கு வந்துவிடும். இப்போது 1100 விஏ. வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கும் சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனபிறகு எஸ்எம்பிஎஸ் தாக்குப்பிடிப்பது சுமார் 16 மில்லி விநாடி. இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

2024-ல் மார்த்தாண்டத்தில் இருக்கும் சித்தி மகனுக்கு ஒன்று வாங்க வேண்டி வந்தபோது இந்த அனுபவமெல்லாம் கைகொடுத்தது. நாகர்கோவிலில் கடையே சேர்த்துக் கொடுத்த பெட்டி. ரைசன் 5 7600, ஆர்டிஎக்ஸ் 4060, இரண்டு 8 ஜிபி ஸ்டிக், 550 வாட் எஸ்எம்பிஎஸ் ('80 பிளஸ் ப்ரான்ஸ்' தரச் சான்று உள்ளது), முன்பக்கம் முழுக்க வலை. எல்லாமே பொது அளவுப் பாகங்கள். நான் பிடிவாதமாக நின்றது பிராசஸர் விஷயத்தில். என்னுடைய ஐ5-ல் கடைசியில் இருக்கும் 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். கார்டு பழுதானால் கம்ப்யூட்டர் மொத்தமும் குருடாகிவிடும், எது பழுது என்று கண்டுபிடிக்கக்கூட வழியிருக்காது. 7600-ல் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. நினைத்த மாதிரியே போன வருஷம் அவனுடைய கார்டில் ஒரு ஃபேன் நின்றுபோனது. வாரண்டிக்கு அனுப்பித் திரும்பி வர 12 நாள். அந்த 12 நாளும் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் மாட்டி வகுப்பு வேலைகளை முடித்துக்கொண்டான். கேம் மட்டும்தான் இல்லை.

கடை அசெம்பிளிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டி தனித்தனி என்பதால் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் வாங்கி வைக்க வேண்டும். கூரியரில் வரும் பெட்டி எதுவானாலும், பிளக்கைச் சொருகும் முன் மூடியைத் திறந்து, உள்ளே வைத்த ஸ்பாஞ்ச் ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு, கார்டு ஸ்லாட்டில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ரோட்டுக் குழிகளில் குலுங்கி வருகிற சாமான். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றுவது) என்றால் விண்டோஸ் செட்டிங்கில் போய் அதைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும், தானாக 60-ல்தான் நிற்கலாம்.

இன்றைக்கு என் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது? விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு ஆதரவு நின்றபோது 11-க்கு எந்தத் தடையும் இல்லாமல் மாறியது. கார்டில் 12 ஜிபி மெமரி இருப்பது இப்போதுதான் நன்றாகப் பயன்படுகிறது, 8 ஜிபி கார்டுகள் திணறும் பெரிய கேம்களிலும் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) குறைக்காமல் ஓட்ட முடிகிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பெயரில் இருக்கும் எண்ணோடு இதையும் பாருங்கள், ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டே 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வருகிறது.

பெட்டியை இப்போது கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றி, ஒரு அடி உயர மர ஸ்டாண்டில் வைத்திருக்கிறோம். துருப்பிடித்த திருகாணிகளை எடுத்துவிட்டு, அப்பா தன் சாமான் பெட்டியிலிருந்து அதே அளவில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகள் தேடித் தந்தார். போன ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டத் திறந்தபோது நாலும் வெள்ளையாகவே இருந்தன.