சிவப்புத் தட்டைப்புழு: உறிஞ்சுவதா, மீன் விடுவதா, மருந்து ஊற்றுவதா?

ரீஃப் டேங்கில், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், மணல்மேல் துரு படிந்தது போல ஒரு செம்பழுப்புத் திட்டு தெரிகிறது. பாசி என்று நினைத்து விட்டுவிடுவோம். ஒரு வாரம் கழித்துக் கிட்டே போய்ப் பார்த்தால் அந்தத் துரு ஊர்கிறது. சில மில்லிமீட்டர் நீளம், தட்டை உடம்பு, வால் பக்கம் மூன்று மடல். கடைகளில் ரெட் பிளனேரியா என்பார்கள். கான்வொலூட்ரிலோபா என்பது அறிவியல் பேர்.

இதை ஒழிக்க மூன்று வழிகள் உண்டு: குழாய் வைத்து உறிஞ்சுவது, தின்னும் உயிரை விடுவது, மருந்து ஊற்றுவது. எது சிறந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் பதில் இது: எந்தப் புழு, எத்தனை இருக்கிறது என்று தெரியாமல் மருந்து பாட்டிலைத் திறக்கக் கூடாது. தொட்டியைக் கொல்வது பெரும்பாலும் உயிரோடு இருக்கும் புழு இல்லை. செத்த புழு.

இது பெருகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். புழுவின் உடம்புக்குள்ளேயே பாசி குடியிருக்கிறது. வெளிச்சம் இருந்தால் அந்தப் பாசி உணவு தயாரிக்கும், புழுவுக்கும் பங்கு கிடைக்கும். அதனால்தான் வெளிச்சம் நன்றாக விழுந்து தண்ணீர் ஓட்டம் குறைவாக இருக்கும் இடத்தில் கூட்டமாகப் படுத்திருக்கிறது. பவளத்தைத் தின்பதில்லை, ஆனால் அதன்மேல் விரித்துப் படுத்து வெளிச்சத்தை மறைத்துவிடும். இனப்பெருக்கத்துக்குத் துணை தேவையில்லை. வால் பக்கம் மொட்டு விட்டு, அந்த மொட்டு தனிப் புழுவாகப் பிரிந்து போகிறது. ரெட்ரோஜெம்மா என்ற இனத்தில் மொட்டின் தலை, தாயின் தலைக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும். 1988-ல் இதை முதன்முதலில் விவரித்தபோது கையில் இருந்தவையே மீன்தொட்டியில் வளர்ந்த புழுக்கள்தான். கண்ணாடிப் பெட்டி வாழ்க்கை இதற்கு அவ்வளவு பொருந்துகிறது.

முதலில் உறிஞ்சுவது. செலவு கிட்டத்தட்ட இல்லை. காற்று பம்பில் மாட்டும் மெல்லிய ஏர்லைன் குழாய் ஒன்று போதும். குழாயின் மறுமுனையை சம்ப்பில் (தொட்டித் தண்ணீர் வடிகட்டிப் போகும் துணைத் தொட்டி) இருக்கும் ஃபில்டர் சாக்குக்குள் விட்டால் புழு பையில் தங்கிவிடும், தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். உப்புத் தண்ணீர் வீணாகாது என்பதால் தினமும் செய்யலாம். விளக்கு முழு வெளிச்சத்தில் இருக்கும் மதிய நேரம் நல்லது, அப்போதுதான் எல்லாம் வெளியே வந்து படுத்திருக்கும். பையை உடனே எடுத்துக் கழுவிவிடுங்கள். பையிலேயே சாகவிட்டால் விஷம் தண்ணீரில்தான் கரையும்.

இந்த வழியின் குறை, கல்லுக்குப் பின்னால் இருப்பவை தப்பித்துவிடும் என்பது. ஒரு மாதம் விடாமல் உறிஞ்சி, கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாத நிலைக்கு நான் கொண்டுவந்திருக்கிறேன். பயணம் போய்த் திரும்பிய இரண்டே வாரத்தில் பழையபடி படர்ந்திருந்தது. எண்ணிக்கையைக் குறைக்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. அடியோடு ஒழிக்க மட்டும் இது போதாது.

அடுத்தது மீன். இதைத்தான் பலரும் முதலில் விரும்புகிறார்கள், மருந்து வேண்டாம், இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று. ஆசை புரிகிறது. ஆனால் ஒரே இனத்தில் ஒரு மீன் தின்னும், இன்னொன்று திரும்பிக்கூடப் பார்க்காது. சிக்ஸ் லைன் ராஸ் கல்லின் இடுக்கெல்லாம் நுழைந்து தேடும், சுறுசுறுப்பான மீன். ஆனால் தொட்டியில் நிலைத்துவிட்டால் பிறகு வரும் சாதுவான மீன்களை விரட்டி விரட்டி அடிக்கும். அதைப் பிடித்து வெளியே எடுக்கக் கல்லை எல்லாம் கலைக்க வேண்டியிருக்கும். எல்லோ ராஸ், மெலனூரஸ் ராஸ் இரண்டும் அதைவிட அமைதியானவை. இரவில் மணலுக்குள் புதைந்து தூங்குபவை என்பதால் மணல் இல்லாத தொட்டிக்கு ஆகாது. தாவிக் குதிக்கும், மேலே வலை கட்டாயம். ஸ்பாட்டட் மாண்டரினும் சில தொட்டிகளில் புழு தின்கிறது. ஆனால் அது நாள் முழுக்கக் கோபிபாட் என்ற நுண்ணிய உயிரிகளைத் தேடித் தின்று வாழும் மீன். புழுவுக்காக மட்டும் அதை வாங்கிப் பட்டினி போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கெலிடோனூரா வேரியன்ஸ் என்ற கடல் நத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓடு இல்லாதது, கறுப்பு வெல்வெட்டில் நீலக்கோடு போட்டது போல அத்தனை அழகு. இந்த வகைத் தட்டைப்புழுதான் அதன் சாப்பாடு. ராஸ் மீன்கள் விஷயத்தில் வருவது போல, தின்னுமா என்ற சந்தேகம் இதில் இல்லை. அதுவே அதற்கு ஆபத்தும்கூட. புழு தீர்ந்ததும் அதற்குத் தின்ன ஒன்றும் கிடையாது, பட்டினியில் செத்துப்போகும். அதற்கு முன்பே பவர்ஹெட் (தண்ணீரைச் சுழலவிடும் பம்ப்) இழுத்து அரைத்துவிடுவதும் நடக்கிறது. புழு பிரச்சினை உள்ள இன்னொரு நண்பர் பக்கத்தில் இருந்து, நத்தையைக் கைமாற்றிக்கொள்ள முடிந்தால் மட்டும் வாங்குங்கள். ஓர் உயிரைத் துடைப்பான் மாதிரி வாங்கிப் பயன்படுத்திவிட்டுச் சாகவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது மருந்து. கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் அதிகம் பயன்படுத்துவது சாலிஃபெர்ட்டின் ஃப்ளாட்வோர்ம் எக்ஸிட். ஆடு, கோழிகளுக்குக் குடற்புழு மருந்தாகத் தரும் லெவாமிசோலை ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். அது புழுவின் தசையை இறுக்கிச் செயலிழக்க வைக்கும் மருந்து. கால்நடை மருந்து பல செறிவுகளில் வருவதால் கணக்கில் ஒரு தப்பு நடந்தால்கூடத் தொட்டி போய்விடும். தொட்டிக்கென்றே அளவு குறித்து விற்கும் பாட்டில்தான் என் தேர்வு.

மருந்து வேலை செய்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சிறிது நேரத்திலேயே புழுக்கள் சுருண்டு, கல்லை விட்டுப் பிரிந்து மிதக்கத் தொடங்கும். வாரக்கணக்கில் உறிஞ்சியும் தீராத கூட்டம் ஒரு மணி நேரத்தில் காலி. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. சாகும் புழு உடம்பிலிருந்து விஷச்சாறு வெளியேறும். நூறு புழு செத்தால் தொட்டி தாங்கும், ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செத்தால் மீன் சாகும். எனக்கு நடந்தது. 240 லிட்டர் தொட்டி. பெட்டியில் எழுதியிருந்த அளவைவிட ஒரு சொட்டுகூட அதிகம் ஊற்றவில்லை. ஆனால் முன்னதாக உறிஞ்சவில்லை, விஷத்தை உறிஞ்சும் கார்பனை (வடிகட்டிக் கரி) தயாராக வைக்கவில்லை. நாலு வருடம் என்னோடு இருந்த மாண்டரின் அன்று மாலையே போய்விட்டது. இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அதனால் இன்று நான் செய்யும் வரிசை இது. இரண்டு மூன்று வாரம் தினமும் உறிஞ்சி, கண்ணுக்குத் தெரிபவற்றை எடுத்துவிடுவேன். தொட்டியில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கல், மணல் கொள்ளும் இடத்தைக் கழித்துக் கணக்கிடுவேன். கால் பங்குக்குக் குறையாமல் புது உப்புத் தண்ணீர் கலந்து, சூடு சரிபார்த்துப் பக்கத்தில் வைத்திருப்பேன். புது கார்பன் கழுவித் தயாராக இருக்கும். அப்புறம்தான் மருந்து. மருந்து வேலை செய்யும் நேரத்தில் தொட்டியில் கார்பன் ஓடக் கூடாது, மருந்தையே உறிஞ்சிவிடும். பிரிந்து மிதக்கும் புழுக்களை உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். மீன் மூச்சு வாங்கினால் காத்திருக்கவே வேண்டாம், கார்பனைப் போட்டுத் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொரு சுற்று. மணலில் இருக்கும் நல்ல புழுக்கள் சிலவும் இதில் போகலாம், அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ராஸ் மீன் இந்த வரிசையில் கடைசி. மருந்துக்குப் பிறகு தப்பியிருக்கும் ஒன்றிரண்டைப் பெருகவிடாமல் பார்த்துக்கொள்ளும் காவலுக்கு அது நல்லது. படையெடுத்து வந்த கூட்டத்தைத் தீர்க்க அதை நம்ப முடியாது.

சரி, இவ்வளவும் சிவப்புப் புழுவுக்கு. அக்ரோபோரா என்ற கிளைப் பவளம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அதைத் தின்னும் தட்டைப்புழு வேறு இனம், புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. இதுவும் முதலில் தொட்டிகளில்தான் அகப்பட்டது. 2011-ல் பெயர் வைத்தார்கள், அதற்குப் பிறகுதான் ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃபில், இயற்கைக் கடலிலும் இருக்கிறது என்று பதிவானது. பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் புழு தெரியாது, கடித்த வெளிறிய வட்டங்கள்தான் தெரியும். இது மொட்டு விடுவதில்லை, முட்டையிடுகிறது, பெரும்பாலும் கிளையின் அடியில் சதை செத்த வெற்று எலும்பில். மருந்துக் குளியல் புழுவை உதிர்க்கும், முட்டையை ஒன்றும் செய்யாது.

அதனால் இங்கே தொட்டிக்குள் மருந்து ஊற்றுவது வீண் வேலை. பவளத்தை வெளியே எடுத்து, டிப் மருந்து கலந்த வாளியில் முக்கி, பிப்பெட்டால் பீய்ச்சி உதிர்க்க வேண்டும். அடி எலும்பை வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக்கில் (பவளத்தை ஒட்டி வைக்கும் சிறு அடிக்கட்டை) ஒட்ட வேண்டும். முட்டை பொரிந்து வருபவற்றைப் பிடிக்க வாரம் ஒருமுறை, குறைந்தது ஆறு வாரம் இதையே திரும்பச் செய்ய வேண்டும். சிவப்புப் புழு விஷயத்தில் கடைசியில் வைத்த உயிர்க்காவல் இங்கே முன்னுக்கு வருகிறது. சிக்ஸ் லைன் ராஸ் புழுவைத் தின்னும், முட்டையைத் தொடாது. பெப்பர்மின்ட் இறாலில் லிஸ்மாட்டா விட்டாட்டா என்ற இனம் முட்டையையும் தின்பதாகச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். குளியலோடு சேர்த்து இறாலையும் விடுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

இரண்டு புழுக்களும் நம் தொட்டிக்குள் வருவது ஒரே வாசல் வழியாக, புதிதாக வாங்கிய ஃபிராக், அதாவது வளர்ப்பதற்காக வெட்டி விற்கும் பவளத் துண்டு. நான் இப்போது எதை வாங்கினாலும் வரும்போதே ஒட்டிவந்த பிளக்கை வெட்டிவிட்டு, ஒரு குளியல் கொடுத்து, தனித் தொட்டியில் ஆறு வாரம் வைக்கிறேன். அந்தத் தொட்டி 40 லிட்டர்தான், ஒரு சின்ன விளக்கும் ஒரு பவர்ஹெட்டும் மட்டும் ஓடுகிறது.